இரு பக்கமும் ஏறும் பாதைக்கு ஒரு ஹப்

ஆவணி நடுவில், ஒரு சந்தை நாளன்று, ஈட்டிப்பாறையிலிருந்து வேம்பலூருக்கு இறங்கும் மலைப்பாதை இறங்குவதை நிறுத்திக்கொண்டது. வேம்பலூரிலிருந்து மேலே போகிறவர்களுக்கு அது எப்போதும்போல ஏற்றமாகவே இருந்தது. மேலிருந்து கீழே வருகிறவர்களுக்கும் இப்போது ஏற்றமாகிவிட்டது. அதை முதலில் கண்டவன் சின்னமாயன். மலைவாழைத் தார்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவன், இறக்கம் தொடங்கும் இடத்தில் வழக்கம்போல மிதிப்பதை விட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கத் தலையைக் குனிந்தான். சைக்கிள் பின்னால் உருண்டது. முந்தின நாள் குடித்ததன் மிச்சம் என்று நினைத்து அவன் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் குடிக்காதவர்களுக்கும் பாதை ஏறியது.

முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் ஏற்றம், அவ்வளவுதான் விஷயம். பாதையில் ஒரு பலாப்பழத்தை வைத்தால் அது வைத்தவரின் காலை நோக்கி உருண்டு வந்தது; எதிரில் இன்னொருவர் வந்து நின்றால் யாரிடம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று ஆடியது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கமும் ஓட முடியாமல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மண்ணுக்குள் இறங்கியது, அதனால் பாதையோரக் காப்பிச் செடிகள் அந்த ஆண்டு நன்றாகவே இருந்தன. வழியில் சந்தித்துக்கொள்கிறவர்கள் "மேலயா கீழயா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எந்தப் பக்கம் ஏறுறீக?" என்று கேட்கப் பழகினார்கள். நில அளவையர் ஒருவர் வந்து, போகும்போது அளந்து ஏற்றம் என்றார், திரும்பும்போது அளந்து ஏற்றம் என்றார், பாதை பழுதில்லாமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூச்சிரைக்கப் போனார். மறுவாரம் ஒரு நாளிதழில், கிணற்றில் விழுந்த மாட்டை மீட்ட செய்திக்குக் கீழே, நாலு வரி வந்தது. வளைவில் இருக்கும் கருப்பசாமியிடம் குறி கேட்டார்கள். பூசாரி வெகுநேரம் ஆடிவிட்டு, யாரும் விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, இதற்குச் சாமி என்ன செய்ய முடியும் என்றார். அதோடு ஊர் அதைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டு அதோடு வாழத் தொடங்கியது.

ஈட்டிப்பாறைக்குப் பேருந்து கிடையாது. ஊர்ச் சரக்கு முழுவதும் சைக்கிளில்தான் போகும், அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை, தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்கள். சில ஆண்டுகளுக்கு முன் நகரத்திலிருந்து சைக்கிள் பந்தயம் விட வந்த ஒரு சங்கத்தாரை மழை பிடித்துக்கொண்டது. ஊர்தான் அவர்களுக்குச் சோறு போட்டு, காப்பிக் கிட்டங்கியில் படுக்க இடம் கொடுத்தது. வெயில் வந்து கிளம்பும்போது அவர்கள் நன்றி சொல்லிப் பாதிச் சைக்கிள்களை விட்டுப் போனார்கள். பந்தயம் ஓட வந்த சைக்கிள்கள் அன்றிலிருந்து மிளகும் காப்பியும் வாழையும் சுமந்தன.

பாதை இரு பக்கமும் ஏறத் தொடங்கியதும் ஊர் கூடிப் பேசி, ஈட்டிப்பாறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தது. இறக்கமே இல்லாத ஊருக்குப் பிரேக் எதற்கு என்று எல்லாச் சைக்கிள்களிலும் பிரேக்கைக் கழற்றி, பழைய இரும்புக்காரரிடம் போட்டு, வந்ததில் கருப்பசாமி கோயிலுக்கு ஓர் ஒலிபெருக்கி வாங்கியது. நின்றால் சைக்கிள் பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கடியில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டார்கள். ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது.

வேலை செய்யாதது ஹப்தான். சக்கரத்தின் நடுவில், கம்பிகளெல்லாம் வந்து சேரும் அந்த உருளைக்கு முன்பெல்லாம் பாதி வழி ஓய்வு இருந்தது. மிதிக்காமல் உருண்டு வரும் நேரத்தில் அதற்குள்ளிருக்கும் நாக்குகள் பிடியை விட்டுவிட்டு டிக்டிக்கென்று சும்மா தட்டிக்கொண்டு வரும். இப்போது போகும்போதும் இழுவை, வரும்போதும் இழுவை. ஆள் எழுந்து நின்று மூட்டையோடு மிதிக்கிற மிதியில் அந்த நாக்குகள் நசுங்கின, சங்கிலிப் பக்கம் அச்சு வளைந்தது, உள்ளே குண்டுகள் உடைந்து பொடியாகிக் கிரீசோடு கலந்து கறுப்புக் களியாக வெளியே வந்தன. பாதையோரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

ஜெயக்கொடியின் சக்கரம் மார்கழிக்குள் இரண்டு முறை போனது. அவளுக்கு ஊரின் மேற்குச் சரிவில் மிளகுத் தோட்டம் இருந்தது. கொடிகளை அவள்தான் ஊன்றினாள், அவள்தான் ஏற்றினாள், பத்திரம் மட்டும் கணவன் தவசியின் பெயரில் இருந்தது. தவசி வேம்பலூரில் நூல் மில்லில் வேலை பார்த்தான். வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவன் பாதை மாறிய பிறகு மாதம் ஒருமுறை வந்தான், பிறகு வருவதை விட்டுவிட்டு, சந்தைக்கு வரும் அவளையே டீக்கடையில் பார்த்துப் பேசினான்.

"கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் தோட்டத்தைக் கேக்குறாரு புள்ள. விடுதி கட்டப் போறாராம். குடுத்துட்டு இங்கிட்டே வந்துரு."

"ரெண்டு பக்கமும் ஏறுற ரோட்டுல எவன் வந்து தங்குவான்?"

"அதுக்குத்தான் வருவாங்களாம். அவரு கணக்கு அவருக்கு. உன் கணக்கைச் சொல்லு. மிளகு பழுத்தா எப்படி இறக்குவ?"

"இறக்கிருவேன்."

"எதுல? தலையிலயா?"

கீழ் வரப்பில் கொடிகள் பட்டுப்போனதைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டு அவள் டீயைக் குடித்தாள். தவசி கெட்டவன் இல்லை. மில்லில் பஞ்சுத் தூசி தின்றுகொண்டு, மனைவி ஒரு மலையைத் தினமும் இரண்டு முறை ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாதவன். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். தை மாதத்துக் கடைசிச் சந்தைக்குள் இந்த ஆண்டு மிளகு முழுவதையும் அவள் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டால் தோட்டம் இருக்கட்டும். ஒரு மூட்டை மேலே தங்கினாலும் அன்றைக்கே பத்திர ஆபீசில் கையெழுத்து.

"பேச்சு மாற மாட்டீகளே?"

"மாற மாட்டேன்."

ஜெயக்கொடி அங்கிருந்து நேராக ராவுத்தர் சைக்கிள் கடைக்குப் போனாள்.

ராவுத்தருக்கு வாய் ஓயாது. ஈட்டிப்பாறை ஏற்றம் அவர் கடைக்கு நல்ல காலம் கொண்டுவந்திருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. மேசையில் துணியை விரித்து மூன்று ஹப்களை வைத்தார்.

"இது நீ எப்பவும் போடுறது தாயி. ரெண்டு பக்கமும் கூம்பு மாதிரி கோன், நடுவுல குண்டு. விலை கம்மி. வாரம் ஒருக்கா கழட்டிக் கிரீஸ் வச்சு, இறுக்காமலும் ஆட விடாமலும் மூடினா நிக்கும்."

"வைக்கலன்னா?"

"குண்டு போறது பரவால்ல, அது உக்காருற கிண்ணம் போயிரும். அது போனா ஹப்பே போச்சு." இரண்டாவதைத் தள்ளினார். "இது பேரிங் வச்சது. ரப்பர் மூடி இருக்கு, மண்ணு போகாது. பேரிங் போனா தட்டி எடுத்துட்டு வேற தட்டிப் போடலாம். விலை ரெண்டு பங்கு."

"அந்தப் பேரிங்குக்கு உங்ககிட்டதானே வரணும்?"

ராவுத்தர் சிரித்தார். "கேட்டுட்டியே. இல்ல. தண்ணி மோட்டார் ரிப்பேர்க் கடையில இதே அளவு கிடைக்கும், என்னைய விட மலிவா. நான் சொன்னேன்னு சொல்லாத."

"மூணாவது?"

"வெளிநாட்டுச் சரக்கு. உருண்டா சத்தமே வராது. விலையைச் சொன்னா உனக்கும் சத்தம் வராது."

அவள் மூன்றாவதைத் தொடவில்லை. முதல் இரண்டையும் கையில் எடுத்து, அச்சைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். பிறகு சங்கிலி மாட்டும் பக்கத்தை மெதுவாகப் பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினாள். முதலாவது கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுப் பிறகுதான் பிடித்தது. இரண்டாவது தொட்டதும் பிடித்தது.

"இதுல நாக்கு நிறைய இருக்கோ?"

"நாக்கும் அதிகம், பல்லும் பொடிசு. அதனால சட்டுனு கவ்வும். ஆனா உங்க ஊருக்காரங்க யாரும் இதை வாங்கல தாயி. எல்லாரும் வெல்டிங்தான்."

உண்மைதான். சின்னமாயன் தொடங்கிவைத்து ஊர் முழுவதும் பரவியிருந்த வழி அது. இறக்கம் இல்லாத இடத்தில் சும்மா சுற்றும் வசதி எதற்கு? மலிவு ஹப்பை எடுத்து, பற்சக்கரத்தை அதோடு வெல்டிங் வைத்துவிட்டால் நாக்கு என்ற ஒன்றே இல்லை, நசுங்க எதுவும் இல்லை. கியரையும் கழற்றிவிட்டு ஒரே பல்லில் சங்கிலியை மாட்டினார்கள். சக்கரம் சுற்றினால் மிதி சுற்றும், மிதி நின்றால் சக்கரம் நிற்கும். அதற்குக் கட்டுச் சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். மலிவு, உறுதி, பழுது பார்க்கவும் எளிது. ஊர் யோசித்துச் செய்த வேலைதான், அதில் குறை சொல்ல முடியாது.

ஜெயக்கொடி கிடா விற்ற காசை எடுத்து வைத்து இரண்டாவதை வாங்கினாள்.

"ஏத்தா, ஏறுற ரோட்டுல இறங்குற சக்கரம் வாங்கிட்டு வந்திருக்கியாமே?" என்று மறுநாள் சின்னமாயன் வாசலில் வந்து நின்றான். அவன் அவளுக்கு அத்தை மகன். கிண்டல் செய்வதைத் தன் உரிமை என்று நினைப்பவன்.

"ஆமா மச்சான்."

"எங்கிட்டுப் போயி இறங்கப் போற? கிணத்துக்குள்ளயா?"

"பல்லுப்பாறையில வந்து பாருங்க."

பல்லுப்பாறை பாதி வழியில் இருந்தது. அங்கே பாதை நெடுக ஒரு சாண் உயரக் கற்கள் பல் வரிசைபோல நீட்டிக்கொண்டிருக்கும். சரக்குச் சைக்கிள்கள் தனியாகப் போவதில்லை. முன்னும் பின்னுமாகக் கயிறு கட்டி ஒரு வரிசையாகத்தான் போகும், முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரை இழுக்க வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது என்பது ஏற்றம் வந்த பிறகு ஊர் வைத்துக்கொண்ட வழக்கம். கட்டுச் சக்கரங்கள் பல்லுப்பாறைக்கு வந்ததும் நின்றுவிடும். சக்கரம் உருண்டால் மிதி சுற்றியே தீரும், சுற்றும் மிதி கல்லில் இடிக்கும், ஆள் மூட்டையோடு சாய்வார். அதனால் அவிழ்த்து, தூக்கி, அந்தப் பக்கம் வைத்து, மறுபடி கட்டுவார்கள். ஒவ்வொரு நடையிலும் அங்கேதான் அரை நாள் கரைந்தது.

ஜெயக்கொடி இறங்கவில்லை. கல் வரும்போது மிதியைக் கொஞ்சம் பின்னால் விட்டாள், டிக்டிக்கென்றது, கால் உயர்ந்தது, கல் அடியில் போனது. உடனே அழுத்தினாள், ஹப் அந்த நொடியே கவ்வியது. அடுத்த கல், மறுபடி பின்னால், மறுபடி அழுத்தம். முழுச் சுற்று மிதிக்க இடமில்லாத இடத்தில் கால்வாசிச் சுற்றும் அரைச் சுற்றுமாகக் கெஞ்சியும் மிரட்டியும் அவள் கற்களைத் தாண்டிப்போய், மறுபக்கம் சக்கரத்துக்குக் கல்லைப் போட்டுவிட்டு, கயிற்றை எடுத்து வந்து மற்றவர்களின் மூட்டைகளை இழுத்துக் கொடுத்தாள். சின்னமாயன் வெகுநேரம் அவளுடைய பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நாளையிலருந்து நீ முன்னாடி போ" என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து வாங்க முடியாது.

தை மாதம் முழுவதும் அவள் வரிசைக்கு முன்னால் போனாள். மிளகு மூட்டை மூட்டையாகக் காய்ந்தது, மூட்டை மூட்டையாகக் கீழே போனது. ஹப்பை அவள் ஞாயிறுதோறும் துடைத்தாள், அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. வழியில் ஒருமுறை கம்பி ஒன்று அறுந்தது, பக்கத்துக் கம்பிகளை இறுக்கிக்கொண்டு போனாள். அவளுடைய கெண்டைக்கால்கள் கடப்பாரைபோல ஆயின. கடைசிச் சந்தைக்கு முதல் நாள் வீட்டில் இரண்டு மூட்டைகள்தான் பாக்கி இருந்தன.

சந்தை நாள் காலையில் பனி விலகியதும் வரிசை கிளம்பியது. முன்னால் ஜெயக்கொடி, அவள் சைக்கிளின் பின்னால் கட்டிய கயிற்றில் சின்னமாயன், அவனுக்குப் பின்னால் பூசாரியும் இன்னும் மூன்று பேரும். பல்லுப்பாறையைத் தாண்டி, எல்லோரையும் இழுத்துக் கட்டிக்கொண்டு, கருப்பசாமி வளைவு வரை அவர்கள் ஏறினார்கள். வளைவில் திரும்பியபோது ஜெயக்கொடியின் காலுக்கடியில் மிதி கனம் இழந்தது. சங்கிலி அறுந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். சங்கிலி இருந்தது. பின்சக்கரத்திலிருந்து டிக்டிக்கென்று சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது, வேகவேகமாகக் கேட்டது. ஆவணிக்குப் பிறகு அந்தச் சத்தம் அந்தப் பாதையில் இப்படித் தொடர்ந்து கேட்டதே இல்லை.

"மச்சான், இறங்குது!" என்று கத்தினாள்.

"எது?"

"ரோடு!"

வலது கை பழக்கத்தில் பிரேக்கைத் தேடியது. கைப்பிடியில் ஒன்றும் இல்லை. இரண்டு மூட்டை மிளகும் அவளும் ஒரு நல்ல ஹப்பும் சேர்ந்து, தடுக்க எதுவும் இல்லாமல், பள்ளத்தாக்கைப் பார்த்து ஓடினார்கள். காலைத் தரையில் தேய்த்தாள், செருப்பு பிய்ந்து பின்னால் போனது. அப்போது கயிறு விறைத்தது.

பின்னால் சின்னமாயனின் மிதி அவன் காலை உதைத்துக்கொண்டு தானாகச் சுற்றத் தொடங்கியிருந்தது. கட்டுச் சக்கரத்துக்கு ஓய்வும் தெரியாது, ஓட்டமும் தெரியாது. மிதியைப் பிடித்தால் அது நின்றாக வேண்டும். "மிதியை விட்றாதீங்கடா! கால்ல பிடிங்க! ஏறி நில்லுங்க!" என்று அவன் போட்ட சத்தம் ஒலிபெருக்கி இல்லாமலே கீழே வேம்பலூர் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஐந்து பேரும் எழுந்து நின்று, சுற்ற வரும் மிதியைப் பின்னால் அழுத்தினார்கள். ஐந்து மாதம் இரு பக்கமும் மலை ஏறிய கால்கள் அவை.

"இடக்கை ஓரமா வாங்க! நடுவுல குழி!" என்று ஜெயக்கொடி முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். மிதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஐவராலும் பாதையைப் பார்க்க முடியவில்லை. பாதையைப் பார்க்க முடிந்த அவளால் நிற்க முடியவில்லை. அவள் வழி சொன்னாள், அவர்கள் பிடித்தார்கள். கயிறு தொய்ந்தும் விறைத்தும் முனகியும் அறுந்துபோகாமல் வந்தது. பூசாரி ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமியைக் கூப்பிட்டார், சாமிகள் தீர்ந்ததும் சின்னமாயனைத் திட்டினார். "பிரேக்கை விக்கச் சொன்னவன் நீதானேடா!" "ஒலிபெருக்கி கேட்டது யாரு?" "அது சாமிக்கு!" "அப்ப சாமியைப் பிடிக்கச் சொல்லு, நீ மிதியைப் பிடி!"

சந்தைத் திடலின் ஓரத்தில் வைக்கோல் வண்டி ஒன்றில் முட்டி வரிசை நின்றது. ஐந்து பேரும் இறங்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெயக்கொடி கயிற்றை அவிழ்த்தாள், ஒற்றைச் செருப்போடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், மிளகு வியாபாரியின் தராசில் இரண்டு மூட்டைகளையும் இறக்கினாள்.

தவசி டீக்கடையிலிருந்து வந்தான். அவனோடு கோயம்புத்தூர்க்காரரும் வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் கார்ச் சாவி.

"அம்புட்டுதானா?" என்றான் தவசி.

"அம்புட்டுதான். மேல ஒரு மணி இல்ல."

"என்னது, ரோடு இறங்க ஆரம்பிச்சிருச்சாமே?" என்றார் கோயம்புத்தூர்க்காரர். செய்தி அவளுக்கு முன்னாலேயே சந்தைக்குள் வந்துவிட்டிருந்தது. "அப்படின்னா நான் சொன்ன விலையே வேண்டாம் தம்பி. கூட்டியே தர்றேன். காரே மேல போற மாதிரி ரோடு போட்ரலாம்."

தவசி அவரைப் பார்த்தான். ஜெயக்கொடி தவசியைப் பார்த்தாள். ஏற்றம் போய்விட்டது, இனி அந்தத் தோட்டம் யாருக்கும் ஆகும். பாதை அவளுக்குக் கொடுத்ததை அந்தப் பாதையே திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.  பேச்சு கொடுத்தவன் அவன்தான், இனிச் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

தவசி அவளுடைய கால்களைப் பார்த்தான். ஒரு காலில் செருப்பு இல்லை, விரல் கிழிந்து ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது.

"இன்னைக்கு முடியாதுங்க" என்றான் கோயம்புத்தூர்க்காரரிடம்.

"ஏன்?"

"வீட்டுக்குப் போறேன்."

மதியத்துக்கு மேல் இருவரும் மலைக்குக் கிளம்பினார்கள். அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாள், அவன் கூடவே நடந்தான். முதல் வளைவிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது, இரண்டாவது வளைவில் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டான். எதிரே, சும்மா உருண்டு வருவது எப்படி என்பதை மறந்துபோன ஈட்டிப்பாறைக்காரர்கள், மிதியைப் பிடித்துப் பிடித்து, பயந்து பயந்து கீழே வந்துகொண்டிருந்தார்கள். ராவுத்தரிடம் பிரேக் வாங்கப் போகிறார்களாம்.

பல்லுப்பாறைக்குக் கீழே தவசி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஏத்தம் புள்ள இது. எப்பவும் இப்படித்தான் ஏறுமா?"

"இந்தப் பக்கம் எப்பவும் இப்படித்தான்" என்றாள் ஜெயக்கொடி. "நீங்க வராத மாசமெல்லாம் அந்தப் பக்கமும் இப்படித்தான்."

தவசி எழுந்தான். அவள் கையிலிருந்து சைக்கிளை வாங்கினான், கற்களுக்கு மேல் அதைத் தூக்கிக்கொண்டு போனான், மறுபக்கம் இறக்கி வைத்துவிட்டு அவள் வரும்வரை நின்றான்.

"கீழ் வரப்புல கொடி பட்டுப்போச்சுன்னியே" என்றான். "எத்தனை கன்னு ஊனணும்?"